கோடி நன்றி

"நன்றி கெட்ட ஜனம்மா!"

தூத்துக்குடி விமான நிலைய வாசலில் ஏறிய அந்த விமானப் பணிப்பெண், எனக்குப் பின் சீட்டில் இருந்து போனில் அம்மாவிடம் பொங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸே கேட்டது.

"நேத்து சக்கரம் இறங்காம வானத்துலயே முக்கால் மணி நேரம் சுத்துனோம். பைலட் எப்படியோ சமாளிச்சு இறக்குனாரு. அழுத பிள்ளையில இருந்து மயங்குன தாத்தா வரைக்கும் நாங்கதான் பார்த்துக்கிட்டோம். இறங்குனதும் ஒருத்தரு சுடலைமாடனுக்குக் கிடா நேருதாரு. இன்னொருத்தரு திருச்செந்தூர்ல மொட்டையாம். அப்ப நாங்க எதுக்கு, காப்பி ஊத்தவா?"

நியாயமான கோபம்தான். நானும் தலையாட்டினேன்.

வல்லநாடு தாண்டியதும் ஒரு டிப்பர் லாரி தப்பான பக்கத்தில் நேராக வந்தது. பஸ் அலறிக்கொண்டு ஒதுங்கி, ஒரு முழ இடைவெளியில் தப்பி நின்றது.

"அந்தோணியாரே, உமக்குக் கோடி நன்றி!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பாளையங்கோட்டையில் இறங்கும்போது வானத்தைப் பார்த்து இன்னொரு கும்பிடு.

ஸ்டியரிங்கை ஒடித்து பஸ்ஸை ஒதுக்கிய என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரிதான், பஸ்ஸை அந்தோணியார்தானே ஓட்டிவந்தார்! நான் சும்மா காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது. டெப்போ மெக்கானிக் மணிராஜ்.

"அண்ணாச்சி, பிரேக்கு எப்படிப் பிடிக்குது?"

"மயிரிழையில தப்பிச்சோம்வே! எல்லாம் இசக்கியம்மா புண்ணியம்!"

"அப்ப காலையில மூணு மணி நேரமா பஸ்ஸுக்கு அடியில கெடந்தது யாருவே? இசக்கியம்மாவா?"