அக்கா எடுத்து வைத்த கழுத்து

கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள் அக்கா. "இது ரொம்ப விறைப்பா இருக்கு. கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குற மாதிரி ஒண்ணு எடுங்க" என்றாள்.

கடைக்காரர் மேசைமேல் இன்னும் நாலைந்து சேவல் கழுத்துகளைப் பரப்பினார். இறகு உதிராமல் தோலோடு உரித்துக் காயவைத்தவை. டிரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்த இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டித்தான் பொய் ஈ செய்வது. மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கும்.

"விறைப்பா இருந்தாத்தானே உங்களுக்குப் பிடிக்கும்?"

"இன்னைக்கு எனக்கு இல்லை" என்றாள்.

விறைத்த இறகில் கட்டிய ஈ தண்ணீர்மேல் ஜம்மென்று நிற்கும். தண்டை ஒட்டிப் பஞ்சு பஞ்சாக இருக்கிற இறகோ தண்ணீரைக் குடித்துவிட்டு நாலு வீச்சில் முங்கிப்போகும். நேரில் வந்து, விரலில் வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். மேலோட்டமாகப் பார்க்கிறவனைப் பஞ்சு இறகுதான் பளபளவென்று மயக்கும்.

தம்பிக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. பட்டறையில் முதுகொடிய உட்கார்ந்து ஈ கட்டியவள் அக்கா; அதை விற்கிற பெட்டியில் அச்சடித்தது தம்பி பெயர். "ஓரமா சின்னதா என் பேரையும் போடேன்டா" என்று கேட்ட அன்றைக்கே அவளை வெளியே அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தன் மனைவியை உட்கார வைத்துவிட்டான்.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, கதவோரம் நின்ற தம்பி மனைவி வாயே திறக்கவில்லை. தம்பியைவிட அவள்மேல்தான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல் அதிகம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில், மீன்பிடிப்போர் சங்கத்து ஆட்கள் முன்னால் தம்பி தானே தூண்டில் வீசிக் காட்டப்போகிறான். "இறகு பொறுக்குறதுலேருந்து கடைசி முடிச்சு வரைக்கும் எல்லாம் என் கைதான்" என்று பீற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அத்தனை பேர் கண்ணெதிரே அந்த ஈ முங்க வேண்டும், பழி போட வேறு ஆள் இல்லாமல் அவன் முழிக்க வேண்டும். அக்காவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அவன் இன்று இறகு வாங்க வருவான் என்று தெரிந்துதான் முந்திக்கொண்டு வந்திருந்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது. தம்பியும் மனைவியும் உள்ளே நுழைந்தார்கள்.

அக்கா கண்டுகொள்ளவே இல்லை. செம்பொன் நிறத்தில் தகதகத்த ஒரு கழுத்தைத் தூக்கி, தடவிக் கொடுத்து, கன்னத்தில் வைத்துக் கொஞ்சினாள். "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. எடுத்து வைங்க, யார் கண்ணுலயும் காட்டிடாதீங்க. ஈயோட உடம்புக்குச் சுத்த முயல் தோலைப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போனாள்.

சின்ன வயதிலிருந்தே அக்கா கையில் இருப்பதுதான் தம்பிக்கு வேண்டும். நேரே மேசைக்கு வந்தான்.

"அதை இங்க குடுங்க."

"அவங்க எடுத்து வெச்சது, சார்."

"இந்தத் தொழில்ல பேர் யாருக்கு? எனக்கா, அவளுக்கா? குடுங்கன்னா!"

தொங்குகிற முயல் தோல்களின் இடுக்கில் அக்கா எட்டிப் பார்த்தாள். கழுத்து இப்போது தம்பி மனைவி கையில் இருந்தது. நூல் அறுத்த தழும்பு ஏறிய விரலில் ஓர் இறகை வளைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தாள். போச்சு, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தாள் அக்கா.

"என்னத்த உத்து உத்துப் பார்க்குற?" என்று தம்பி எரிந்து விழுந்தான். "இறகு பார்க்குற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா? கட்டச் சொன்னதைக் கட்டு, போதும்."

"அதில்லைங்க. சரக்கு ரொம்ப நல்லாருக்கு. ஒண்ணு பத்தாது, இதே மாதிரி இன்னும் ரெண்டு எடுத்துக்கலாம். வீட்டுல கிடக்குற பழசையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் கிடக்கும் பழசு என்றால் அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய நல்ல கழுத்துகள். அசடு, அதையும் குப்பையில் போடப் போகிறதே! புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகவே முங்குங்கள் என்று மனசுக்குள் கறுவினாள்.

ஜெயித்த மிதப்பில் விசிலடித்துக்கொண்டே தம்பி காருக்குப் போனான். அவன் மனைவி பின்னாலேயே போகவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக அலமாரிக்குப் பின்னால் வந்தாள்.

அக்கா சண்டைக்குத் தயாரானாள். "என்ன? நான் எடுத்து வெச்சதைப் பிடுங்கினது பத்தலையா?"

தம்பி மனைவி வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது முங்கும்னு எனக்கும் தெரியும், அண்ணி."