பொம்மைக்கு ஒரு வாய்

மூன்றாவது வாயையும் பிரிக்கச் சொல்லிவிட்டாள்.

டயர்க்கடைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே வராதா? கடையை அடைத்துப் போட்டுவிட்டு, லாரி டயரைப் புரட்டுகிற கையில் இத்துனூண்டு ஊசியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஊசி விரலைக் குத்துவதும் அவர் விரலைச் சப்புவதுமாகவே பொழுது போயிருக்கிறது. கட்டிய மனைவி, ஒப்புக்காவது ‘பரவாயில்லையே’ என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

பொம்மைகளைச் செய்ததென்னவோ அவள்தான். பழைய துணியை வெட்டித் தைத்து, உள்ளே கந்தல் அடைத்து, கம்பளி நூலில் சடை பின்னி, சட்டைகூடப் போட்டுவிட்டாள். முகம் மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு உடம்புக்கு வந்தது. ஒரு கண் மூடவே மாட்டேன் என்றது. டாக்டர் அதன்மேல் பஞ்சை வைத்து ஒட்டி, குணமாகும்வரை ஊசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பாலர் பள்ளி டீச்சருக்கு அதெல்லாம் கணக்கா? இன்று சாயங்காலம் பொம்மை கைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். மனைவி கஷ்டப்பட்டுப் பிடித்த வாடிக்கை. போனால் போனதுதான்.

அதனால்தான் இவர் ஊசியை எடுத்தார். ஆசைப்பட்டா எடுத்தார்?

பொம்மைகளுக்குக் கண்கள் தேறிவிட்டன. கறுப்பு நூலில் இரண்டு வட்டம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் கண்ணாகத் தெரிந்தது. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை.

வாயில்தான் வந்தது வம்பு.

“மூடிய வச்சு வரைஞ்சுக்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? ஒரு ஓரம் மேல நிக்குது, ஒரு ஓரம் கீழ தொங்குது. எந்தப் பிள்ளைங்க இதக் கையில வாங்கும்?”

மூடி என்றால் மருந்துப் புட்டியின் மூடி. அதைத் துணிமேல் வைத்து, பென்சிலால் கீழ்ப்பாதியைச் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டின்மேல் சிவப்பு நூலை ஓட்டினால் சிரித்த வாய் வந்துவிடும். அவள் எப்போதும் அப்படித்தான் தைப்பாள்.

அவருக்கு அதில் சம்மதமில்லை. புட்டி மூடியைப் பார்த்து யாராவது வாய் வைப்பார்களா? வாயைப் பார்த்தல்லவா வாய் வைக்க வேண்டும்? இதுதான் அவர் கட்சி.

அப்படித்தான் தைத்தார். மாதிரி கண்ணெதிரிலேயே இருந்தது. நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு தையல். மறுபடியும் நிமிர்ந்து ஒரு பார்வை. ஓடுகிற வண்டியைத் தெருவில் நின்று பார்த்தே சக்கரத்தில் இருக்கும் கோணலைச் சொல்லிவிடுகிற கண் அது. அந்தக் கண்ணுக்கு இந்த வாயில் ஒரு குறையும் படவில்லை. மாதிரியில் எப்படியோ, துணியிலும் அப்படியே.

அதைப் போய்த் தொங்குகிறது என்றால்?

முதல் இரண்டு பொம்மைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்புறம் பாக்கலாம்” என்று ஒதுக்கி வைத்தார். மூன்றாவதற்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை மேஜைமேல் விட்டெறிந்தார்.

“வேணும்னே பண்றீங்க” என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது.

திட்டிய வேகத்தில் அவள் முகத்தை மூடியிருந்த துண்டு கழுத்துக்கு நழுவியிருந்தது. அவசரமாக மூக்குவரை இழுத்துக்கொண்டாள். உடம்புக்கு வந்த நாளிலிருந்து இந்தத் துண்டுதான். வீட்டுக்குள்ளும் துண்டு. வாசலில் யார் வந்தாலும் அவள் இல்லை என்று இவர் போய்ப் பொய் சொல்ல வேண்டும். டீச்சர் வந்தாலும் பொம்மைகளை இவரே வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.

“வேணும்னா? நானா?” கோபம் அவருக்கு உச்சந்தலைக்கு ஏறியது. “ஒவ்வொரு தையலுக்கும் நிமிந்து பாத்துப் பாத்துத் தச்சிருக்கேன். எங்க தொங்குது, காட்டு!”

“எதப் பாத்துத் தச்சீங்க?”

“எதப் பாத்தா? உன்னப் பாத்துத்தான். நீ திட்டும்போதெல்லாம் துண்டு எறங்குதுல்ல, அப்பப் பாத்துக்குவேன். வேற யாரு வாய எனக்குத் தெரியும்?”

சொன்ன பிறகும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிற தெம்பில், பொம்மையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். இதையும் பார், அதையும் பார். ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா?

நரம்பு இழுத்து முகம் ஒரு பக்கமாய்ச் சரிந்த அன்று கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போடச் சொன்னவள், பொம்மையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது சிரிக்குதா?” என்றாள்.

“பின்ன, அழுவுதா? நல்லாத்தானே சிரிக்குது!” அதற்கும் எரிந்து விழுந்தார்.

வாசலில் மணி அடித்தது. டீச்சர்தான்.

அவர் பழக்கதோஷத்தில் எழுந்தார். அதற்குள் மனைவி எழுந்துவிட்டாள். புட்டி மூடியை எடுத்துத் தையல் பெட்டிக்குள் போட்டாள். மூன்று பொம்மைகளையும் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

துண்டு நாற்காலியிலேயே கிடந்தது.

“தொங்குதுன்னு அந்தம்மா ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் இருக்கு” என்று முணுமுணுத்தபடி, கையில் ஊசியோடு டயர்க்கடைக்காரர் அவள் பின்னாலேயே போனார்.