வரிசையின் வாலில் ஒருவர்

"நீ முன்னால போய் நில்லும்மா, உனக்கு வேலைக்கு நேரமாச்சு."

கடைசியில் நின்ற நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் இடத்தில் நிறுத்தினார் ரூஃபஸ் டில்மன். பிறகு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நான்காவது தடவையாக வரிசையின் வாலுக்குப் போனார். அதுவரை வாசலுக்கும் அவருக்கும் நடுவே ஆறே பேர்தான் இருந்தார்கள்.

"நல்லா இருப்பீங்க தாத்தா" என்று நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கியானாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்த மனிதர். இப்போது மணி ஐந்து. ஏழுக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள்.

அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் போக்கிடம் என்று இருந்தது ஒரே ஒரு விளையாட்டுக்கூடம். அதை நடத்துகிறவள் கியானா. அதை இடித்து விற்கத் துடிக்கிற கவுன்சிலர் போன தடவை ஒன்பதே ஓட்டில் ஜெயித்தவன். அதனால் இன்றைக்கு ஒருத்தர்கூட ஓட்டுப் போடாமல் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று வரிசையோரமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரர் பேட்டையில் பத்து ஓட்டு இயந்திரம், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. இங்கே கறுப்பர் பேட்டைக்கு இரண்டு, அதிலும் ஒன்று மத்தியானமே படுத்துவிட்டது. கேட்டால் தற்செயல் என்பார்கள். நாற்பது வருஷமாக அதே தற்செயல்தான்.

குளிரில் எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். கிழவர் வாய் மட்டும் ஓயவில்லை. தனக்கு முன்னால் நின்ற முடிவெட்டும் க்ளீவனைச் சீண்டினார்.

"ரெண்டு வாரமா தேர்தலுக்கு முன்கூட்டியே வந்து ஓட்டுப் போடுங்கடான்னு சாவடியத் திறந்து வச்சிருந்தானே. அப்ப வர்றதுக்கு உங்களுக்கெல்லாம் காலு சுளுக்கா?"

"நீ மட்டும் என்னத்தக் கிழிச்சே பெரிசு? எங்களோடதானே நின்னு விறைக்கிறே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. கிழவரும் சேர்ந்து சிரித்தார்.

"சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று யாரோ ஒரு பெண் பொரித்த கோழித் துண்டை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பொரிச்சது? மிளகு பத்தாது. என் பொண்டாட்டி லொரேட்டா இருந்தப்போ, முதல் நாளே மோரில ஊறப் போட்டு..."

காலையிலிருந்து அந்தக் கோழிக் கதையை நாலு கூட்டத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கேட்டவர்கள் உள்ளே போய் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்கப் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கியானா அவரைத் தனியே இழுத்தாள்.

"வயசானவங்களுக்கு வரிசையே கிடையாது தாத்தா. அந்தப் பக்கத்து வாசல் வழியாப் போனா அஞ்சு நிமிஷம். வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"ஏன், நானென்ன நொண்டியா? என் கால் நிக்கும். நீ போ."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எழுத்து தெரியலைன்னா சொல்லுங்க. நானே படிச்சுக் காட்டுறேன். யாருக்கும் தெரியாது."

கிழவர் முறைத்தார். "மூணாங்கிளாசோட நின்னவன்தான். ஆனா எந்தப் பேருக்கு நேரா விரல வைக்கணும்னு எனக்குத் தெரியும். அதுக்கு எவனையும் நம்ப மாட்டேன். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் முகம் தொங்கிப்போனதைக் க்ளீவன் பார்த்தான்.

"அவரை விடு கியானா. அவர் தெருவில பதினாலு வீடு இருந்துச்சு. பதிமூணு காலியாகி, கதவு ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சாச்சு. இருக்கிறது அவரு ஒருத்தர்தான். மனுஷன் முரண்டு பிடிக்காம என்ன செய்வாரு?"

மணி ஏழு அடித்தது. தேர்தல் அலுவலர் அம்மாள் வெளியே வந்து, வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவருக்கு அப்புறம் வருகிறவர்களுக்கு ஓட்டு இல்லை. அந்தக் கடைசி ஆள் டில்மன்தான்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். க்ளீவனும் போய்விட்டு வந்தான். "வரட்டா பெரிசு?" என்று கிழவர் தோளைத் தட்டிவிட்டுத் தன் காரைப் பார்க்க நடந்தான்.

அரை மணியில் தெரு காலி. காகிதக் கோப்பைகள் மட்டும் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. விளக்குக்கம்பத்தின் கீழே நாற்காலியைப் போட்டு, கிழவர் ஒற்றையாளாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்க ஒருத்தருக்காகத்தான் கதவு திறந்திருக்கு" என்றாள் அலுவலர். "வர்றீங்களா, மூடிடவா?"

அவர் அசையவில்லை. வரிசை நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கியானா அவர் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்றிருந்தது. "போன தடவை ஒன்பது ஓட்டில தோத்தோம் தாத்தா. இன்னிக்கு உங்க ஒரு ஓட்டு இல்லாம அந்தக் கூடம் போச்சுன்னா, என் பிள்ளைங்க தெருவிலதான் நிக்கணும்." அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "உங்க காலில வேணும்னாலும் விழறேன். வந்து போட்டுடுங்க."

கிழவர் மெதுவாக எழுந்தார். நாற்காலியைத் தட்டித் துடைத்து, அவசரமே இல்லாமல் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"என் ஓட்ட, சாவடிய முன்கூட்டியே திறந்த மொத நாளே உன் ஆளுக்குப் போட்டாச்சு பொண்ணே. அது கிடக்கட்டும்... அடுத்த தேர்தல் எப்போ?"