இடது காலுறை

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை. காலையில் பனிமூட்டம், பின்னர் இளவெயில்.

சர்க்கரை நோயின் காரணமாக என் கணவர் முருகையனின் இடது பாதம் ஐப்பசியில் அகற்றப்பட்டது. இல்லாத அந்தப் பாதம் குளிர்ந்து வலிப்பதாகக் கூறி, அவர் உறக்கமின்றித் தவித்தார். ஆகவே சிவப்பும் வெள்ளையுமாகக் கோலக்கட்டங்கள் அமைத்து ஒரு ஜோடிக் காலுறை பின்னினேன்.

“ஒண்ணு ஜாஸ்தியா பின்னிட்டியேம்மா,” என்றாள் மகள் சிந்துஜா.

“அந்தக் காலுக்குத்தாண்டி குளுருது,” என்றார் அவர்.

அன்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில் எங்கள் வாசல் வழியாகக் கிரிவலக் கூட்டம் சென்றுகொண்டிருந்தது.

“மாசம் தவறாம சுத்துன காலு, சும்மா கெடக்குமா?” என்று புரண்டார்.

வலது காலுறையை அவருக்கு அணிவித்தேன். இடது காலுறையைக் கட்டிலில், பாதம் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தேன். நண்பகலில் அதைக் காணவில்லை. வீடு முழுவதும் தேடினோம்.

மாலையில் அது வாசற்படியில் கிடந்தது. அடியில் சாலைப் புழுதி அப்பியிருந்தது. குதிகால் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

“ஐயோ ரேணு, கூசுது, வுடு!” என்று உள்ளறையிலிருந்து அவர் சிரித்தார்.

அவருடைய வலி நின்றபோது மணி ஐந்து நாற்பது.