அறைக்குள் முனிராஜ்

ஓசூர் ஆலையிலிருந்து குந்தாரப்பள்ளிப் புது ஆலைக்குக் கணினிகளை மாற்றும் பொறுப்பு அஜாஸுடையது. சர்வர் அறைக்குள் போகிறவர் வருகிறவரைக் கவனிக்கும், மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினியை ஓட்டத்திலேயே நிறுத்தி, அதன் நினைவு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு வந்திருந்தான். அப்படி நிறுத்திய நேரத்தில் எலக்ட்ரீஷியன் முனிராஜ் பழைய அறைக்குள் ஒயர் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்தது கணினிக்குத் தெரியாது.

புது ஆலையில் கோப்பைத் திறந்ததும், 'அறைக்குள் முனிராஜ்' என்று திரை காட்டியது. பக்கத்தில் நின்ற முனிராஜே சிரித்துவிட்டார்.

அன்று, அறையை நிரப்பி மூச்சுக்காற்றை விரட்டித் தீயை அணைக்கும் வாயுவைச் சோதிக்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டினால் கணினி வாயுவைத் திறக்காது. அஜாஸ் புது அறைக்குள் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து கதவைச் சாத்தினான்.

"பேரை அழிச்சிட்டு வேலையப் பாருப்பா" என்றார் மேலாளர் மாதேஸ்வரி.

"நான்தான் இங்க நிக்கறேனே, அமுக்கு தம்பி" என்றார் முனிராஜ்.

அஜாஸ் பெயரை அழித்துவிட்டு வாயுப் பொத்தானை அமுக்கினான். வாயு சீறியது. உள்ளிருந்து கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"தம்பி, நான் உள்ள இருக்கறேன்! தொற!"

அது முனிராஜின் குரல். வெளியே நின்ற முனிராஜ் வாயே திறக்கவில்லை.

கைப்பிடிக்குப் பாய்ந்த அஜாஸின் கையை மாதேஸ்வரி இறுக்கிப் பிடித்தார். "தொறந்தா நம்ம மூச்சும் போயிடும். அங்க ஆளில்லப்பா, நீதான பாத்த?"

தட்டும் சத்தம் மெல்ல மெல்லக் கதவின் அடிப்பக்கத்துக்கு இறங்கியது. முனிராஜும் அதோடு தரையில் உட்கார்ந்தார். கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"கொஞ்ச நேரந்தான். அழுவாத" என்றார்.