அத்தைக்குப் பிடிக்காத விளையாட்டு

"நல்லாவே இல்லடி" என்றாள் புவனேஸ்வரி அத்தை.

காதுகுத்துப் பந்தலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்மொழிக்கு முகம் சுண்டிப்போனது.

பெங்களூரில் டிசைன் படிக்கிறாள் அவள். ஒரு ஆப்பை, ஒரு கேமை, மனுஷர்கள் திணறாமல் கையாளும்படி வடிவமைக்கிற படிப்பு. கடைசி வருஷத்துக்காக அவளே ஒரு கேம் செய்திருந்தாள். கொள்ளிடத்தில் வெள்ளம் வருவதற்குள் மணல்திட்டில் நிற்கும் ஆட்டுக்குட்டிகளைக் கரையேற்ற வேண்டும்.

காலேஜில் காட்டுவதற்கு முன்னால் நாலு பேர் விளையாடிப் பார்க்கணும். அதனால் லீவுக்கு ஆண்டிமடம் வந்ததுமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள்.

குரூப் முழுக்கக் கட்டைவிரல் படங்கள். "வெளிநாட்டுக்காரன்கூட இப்படிச் செய்ய முடியாதும்மா" என்று சித்தப்பா செல்லப்பன் பந்தலிலும் ஒரு தடவை சொன்னார். அப்போதுதான் அத்தை குறுக்கே வந்தாள்.

"போனைப் புடிச்சா என் வெரலு குட்டிய தாண்ட வெக்கிற அந்தப் பட்டன் மேலயே போயி உக்காருது. நான் ஒண்ணும் செய்யாமலே குட்டி தண்ணில வுழுந்துடுது."

"பழகிட்டா சரியாயிடும் அத்த."

"பழகுறதுக்குள்ள வெறுத்துப்போயிடும்டி."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள். "அவ பொண்ணு பிளஸ் டூவோட நின்னுட்டா. நீ பெங்களூரு வரைக்கும் போயிட்ட. அந்த வயித்தெரிச்சல்தான். கண்டுக்காத."

தமிழ்மொழிக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல் பட்டனைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். மறுபடி குரூப்பில் போட்டாள். மறுபடி கட்டைவிரல்கள்.

அத்தை மட்டும் போன் செய்தாள். "வெள்ளம் வர்றது முன்கூட்டித் தெரியவே மாட்டேங்குது. ஒரு சத்தமாச்சும் கேக்க வேணாமா?"

சத்தமும் சேர்த்தாள். பெங்களூருக்குத் திரும்பின பிறகும் அத்தை விடவில்லை. எழுத்து பொடிசா இருக்கு. வெயில்ல நின்னா ஒண்ணும் தெரியல. ஒரு தடவை தோத்தா மறுபடி மொதல்லேருந்தா வரணும்?

ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே திருத்தியவள், ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "புடிக்கலன்னா வெளையாடாதீங்க அத்த. யாரும் கட்டாயப்படுத்தல."

 "சரிம்மா" என்று வைத்துவிட்டாள் அத்தை. அதற்கப்புறம் போன் வரவில்லை.

காலேஜில் கேமைக் காட்டும் நாள் வந்தது. வெளியிலிருந்து மார்க் போட வந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கி ரொம்ப நேரம் விளையாடினார். மூன்று குட்டிகளைக் கரையேற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் கேமே ஆடாதவன். நானே எங்கயும் தடுமாறல. யாரை வெச்சு சோதிச்சுப் பார்த்தீங்க?"

"எங்க சொந்தக்காரங்க எல்லாரும் சார்" என்றாள் தமிழ்மொழி.

அவளுடையதுதான் வகுப்பிலேயே முதலாவதாக வந்தது. வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? ஆமா, அந்தக் கோழிங்களைக் கூண்டுல அடைக்கிற கேம்தானே?"

தமிழ்மொழி போனை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். சந்தோஷமெல்லாம் பேசி முடித்தபிறகு கேட்டாள். "நீ வெளையாடிப் பாத்தியாம்மா?"

"எனக்கு எங்கடி நேரம்? நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும்னு கட்டவெரலப் போட்டுவுட்டேன்."

தயங்கித் தயங்கி அத்தையின் நம்பரை அழுத்தினாள். முதல் மணியிலேயே அத்தை எடுத்துவிட்டாள்.

"அத்த, பாஸாயிட்டேன்."

"ஆவாம எங்க போவ? நேத்துத்தான் கடைசிக் குட்டியும் கரையேறுச்சு. இப்ப ஒரு கொறையும் இல்ல."

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியும் வெளையாடிக்கிட்டா இருந்தீங்க? உங்களுக்குத்தான் அது புடிக்கலயே."

அத்தை சிரித்தாள். "எனக்கு எந்த கேம்தான்டி புடிக்கும்? நீ செஞ்சதாச்சேன்னுதான் கடைசி வரைக்கும் வெளையாடுனேன்."