சேவியரின் தலையணை

வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் இப்போது ஆட்களை எண்ணுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாங்கிய தலையணை அமுங்கியிருக்கிறதா என்று கருவி பார்க்கும். அமுங்காதது வீண் செலவு. அதற்குரியவர் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீங்கிவிடும்.

"சேவியர் அண்ணன் தலையணை புதுசாவே இருக்குக்கா" என்றாள் கணக்கெடுக்க வந்த மும்தாஜ். "அடுத்த வருசமும் இப்படின்னா பேரை எடுத்துரும்."

கடலுக்குப் போன சேவியர் திரும்பி வராமல் மூன்று வருடம். அவன் தலையணையை மனைவி பிலோமினா அதுவரை தொட்டதே இல்லை. மும்தாஜ் வந்துபோன அன்று முதல் தன்னுடையதை விட்டுவிட்டு அதில்தான் படுத்தாள்.

மறுவருடம் மும்தாஜ் இரண்டு தலையணைகளிலும் கருவியை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணன் இருக்காகன்னு வந்திருச்சுக்கா. நீங்கதான் இல்லன்னு காட்டுது."

பிலோமினா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சரியாத்தான் சொல்லுது. அப்படியே போட்டுக்கம்மா."